கல்வராயன் மலையில் ஒரு கற்பனை மடம்... மேப் போடலாம் வாங்க!

ஃபேன்டஸி கதை எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் கண்டிப்பாக ஒருநாள் வரும். மூன்றாவது அத்தியாயத்தில் ஹீரோ மடத்தின் சுவடி அறையிலிருந்து நாலே எட்டில் கிணற்றடிக்கு ஓடியிருப்பான். பதினோராவது அத்தியாயத்தில் அதே கிணறு மதிலுக்கு வெளியே போயிருக்கும். படிக்கிற நண்பர் விடமாட்டார். "டேய், அந்தக் கிணறு உண்மையிலேயே எங்கடா இருக்கு?" என்று கேட்பார். பதில் இருக்காது.

கேம் டிசைன் பண்ணுகிறவர்கள், நண்பர்களோடு உட்கார்ந்து ரோல்பிளே ஆடுகிறவர்கள், சும்மா பொழுதுபோக்குக்கு மேப் வரைகிறவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். கோட்டை வரைவது ஈஸி. நாலு கொத்தளம், ஒரு அகழி போட்டால் முடிந்தது. மடம் அப்படியில்லை. அங்கே நூறு பேர் தூங்கணும், சாப்பிடணும், படிக்கணும், நோயில் படுக்கணும், வரும் விருந்தாளியைக் கவனிக்கணும். அத்தனையும் ஒரே மதிலுக்குள்.

இந்தக் கட்டுரையில் ஒரு கற்பனை மடத்தை அடி முதல் முடி வரை வரைந்து பார்க்கப்போகிறோம். இடம், கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை. மடத்தின் பெயர், முகிற்பாளி. பெயர்க் காரணம் கொஞ்ச நேரத்தில் வருகிறது.

கட்டாமலே 1,200 வருஷம் வாழும் மடம்

"கற்பனை மடத்துக்கு மேப் போடுறதெல்லாம் வேலையத்த வேலை" என்று யாராவது சொன்னால், அவர்களிடம் செயின்ட் கால் வரைபடத்தைக் காட்டுங்கள்.

ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய ஜெர்மனியில் இருக்கும் ரைக்கெனாவ் தீவு மடத்தில் வரையப்பட்டது அது. சுவிட்சர்லாந்தின் செயின்ட் கால் மடத்துத் தலைவர் கோஸ்பெர்ட்டுக்காக வரைந்து அனுப்பினார்கள். ஐந்து தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, 112 சென்டிமீட்டருக்கு 77.5 சென்டிமீட்டர் அளவில், சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார்கள். சுமார் 40 கட்டடங்கள். தேவாலயம், படுக்கைக் கூடம், சமையற்கட்டு, ரொட்டி அடுப்பு, மருத்துவர் வீடு, மூலிகைத் தோட்டம், கோழிக்கூடு, குதிரை லாயம், வரிசை வரிசையாகக் கழிப்பறை என எதையும் விடவில்லை. இடுகாட்டிலேயே பழ மரங்கள் நட்டு அதைத் தோப்பாகவும் காட்டியிருக்கிறார்கள்.

அந்த மடம் அப்படியே ஒருபோதும் கட்டப்படவில்லை. 12-ம் நூற்றாண்டில் யாரோ ஒரு துறவி, தோலை வீணாக்குவானேன் என்று அதன் பின்பக்கத்தில் புனித மார்ட்டினின் வாழ்க்கை வரலாற்றை எழுதிவிட்டார். அந்தப் புண்ணியத்தில்தான் வரைபடம் பிழைத்தது. இப்போது ஜெர்மனியின் மெஸ்கிர்ஹ் ஊருக்குப் பக்கத்தில் 'கேம்பஸ் கல்லி' என்ற பெயரில், 2013-லிருந்து ஒன்பதாம் நூற்றாண்டுக் கருவிகளை மட்டுமே வைத்து அந்த மடத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பேப்பரில் போட்ட மடத்துக்கு இவ்வளவு ஆயுசு!

அந்த வரைபடத்தை உற்றுப்பார்த்தால் ஒரு சூட்சுமம் பிடிபடும். பணக்கார விருந்தாளிக்கு ஒரு பக்கம் வீடு, ஏழை யாத்ரிகர்களுக்கு இன்னொரு பக்கம் வீடு. வெளி மாணவர்களின் பள்ளி தனி, புதிதாகச் சேர்ந்த இளம் துறவிகளின் இடம் தனி. யார் யாரோடு கலக்கலாம், கலக்கக் கூடாது என்ற சட்டத்தைத்தான் சுவர்களாக வரைந்திருக்கிறார்கள். நாமும் கட்டடத்தில் தொடங்காமல் விதியில் தொடங்கினால் மேப் தானாக வரும்.

நம்ம மாவட்டத்திலேயே இருக்கு ஒரு 'பாளி'

துறவிகள் தங்குமிடம் என்றதும் பனிமலைத் திபெத்துக்குப் போக வேண்டாம். திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை என்று ஒரு ஊர். அங்கே ஒரு பாறைக் குகையில் 1981-ல் தமிழ்-பிராமிக் கல்வெட்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த 'பாளி' என்று அந்தக் குகையைச் சொல்கிறது அது. ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே அஞ்சிதான். பாளி என்றால் துறவிகளின் உறைவிடம். நாம் தினமும் சொல்கிற 'பள்ளி'க்கு நெருங்கிய உறவுச் சொல். முகிற்பாளிக்குப் பெயர் கிடைத்தது அங்கேதான்.

இந்த மாதிரி பழைய குகைகளில் கட்டடமே கிடையாது. பாறையில் வெட்டிய படுக்கை, மழைநீர் உள்ளே வராமல் மேலே ஒரு காடி, அவ்வளவுதான். புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் இப்படி 17 படுக்கைகள் இருக்கின்றன. படுக்கையை எண்ணினாலே அங்கே எத்தனை பேர் இருந்திருக்கலாம் என்று தெரிந்துவிடும். மேப் போடும் நமக்கு இது முதல் பாடம்: ஆள் கணக்கு முதலில்.

உளுந்தூர்பேட்டை வட்டத்தில் திருநறுங்கொண்டை இருக்கிறது. சிறு குன்றின் மேல் அப்பாண்டைநாதர் சமணக் கோயில். இன்றும் தமிழ்ச் சமணர்கள் வந்து வழிபடும் இடம். ஒரு குன்றில் படி எங்கே தொடங்குகிறது, எங்கே நின்று மூச்சு வாங்கத் தோன்றுகிறது, எந்தத் திருப்பத்தில் கோயில் கண்ணில் படுகிறது என்பதையெல்லாம் நேரில் ஏறிப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். கூகுளில் கிடைக்காத டேட்டா அது.

கதையில் வரும் மடத்துக்கு நம்மிடம் பெரிய உதாரணம் 'பொன்னியின் செல்வன்'. அருள்மொழிவர்மர் காய்ச்சலோடு ஒளிந்திருக்கும் நாகப்பட்டினம் சூடாமணி விகாரம் ஞாபகம் இருக்கிறதா? நிஜ விகாரம் கட்டப்பட்டது 1006 வாக்கில், அதே அருள்மொழி ராஜராஜனாக ஆட்சி செய்த காலத்தில். கட்டியவர் ஸ்ரீவிஜய அரசர் மாற விஜயோத்துங்க வர்மர், பெயர் அவருடைய அப்பா சூடாமணி வர்மருடையது. கதை நடப்பதோ அதற்குப் பல பத்தாண்டுகள் முன்னால். ஆக, கல்கி காட்டுவது கற்பனை விகாரம்தான். ஆனாலும் நம்புகிறோம். ஏன்? அங்கே ஒரு கால்வாய் இருக்கிறது. படகு வரும் வழி இருக்கிறது. அதே தண்ணீர் வழியாகப் பிற்பாடு வெள்ளமும் வருகிறது. இடத்தின் அமைப்பே கதையைத் தள்ளிக்கொண்டு போகிறது.

ஸ்டெப் 1: மூன்றே விதி எழுதுங்க

பென்சிலை எடுப்பதற்கு முன், உங்கள் மடத்தின் மூன்று விதிகளை எழுதுங்கள். முகிற்பாளியின் விதிகள் இவை:

1. இங்கே 60 துறவிகள் இருக்கிறார்கள். அவர்கள் வேலை விதை காப்பது. சாமை, தினை, கேழ்வரகு என மலையில் விளையும் எல்லாவற்றின் விதையும் இங்கே இருக்கும். மழைக்கு முன்னால் யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது.

2. பொழுது சாய்ந்தபின் வெளியாள் யாரும் உள்வாசலைத் தாண்டக் கூடாது.

3. இரவு மணிக்கும் காலை மணிக்கும் நடுவில் யாரும் பேசக் கூடாது.

ஒவ்வொரு விதியும் மேப்பில் என்ன ஆகிறது பாருங்கள். முதல் விதிப்படி விதை அறைக்கு வெளி முற்றத்தைப் பார்த்து ஒரு ஜன்னல் வேண்டும். இல்லாவிட்டால் கேட்கிறவருக்கு எப்படிக் கொடுப்பது? இரண்டாவது விதியால் இரண்டு வாசல்கள் வருகின்றன, இரவில் வந்து சேர்கிறவருக்கு வெளியே ஒரு சத்திரமும் தேவைப்படுகிறது. மூன்றாவதால், படுக்கை வரிசை எல்லோருக்கும் மணி கேட்கும் தூரத்தில் இருந்தாக வேண்டும். கோடே போடவில்லை, அதற்குள் ஆறு இடம் முடிவாகிவிட்டது.

ஸ்டெப் 2: தண்ணீர்தான் முதல் கோடு

கல்வராயன், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சேர்வராயன், ஜவ்வாது, பச்சைமலை எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். வடக்கே சின்னக் கல்வராயன், சராசரியாக 2,700 அடி. தெற்கே பெரிய கல்வராயன், 4,000 அடியைத் தொடும். அடிவாரத்தில் முட்புதர், மேலே போகப் போக இலையுதிர் காடு, 800 மீட்டருக்கு மேல் அங்கங்கே சோலைக் காடும் புல்வெளியும். மேகம், பெரியார் என்று அருவிகள். கச்சிராயபாளையம் பக்கம் இறங்கினால் கோமுகி அணை.

உயரத்தை வைத்தே நிறம் கொடுக்கலாம். கீழே காய்ந்த பழுப்பு, நடுவில் வெளிர் பச்சை, உச்சியில் கரும்பச்சைத் திட்டுகள். மலை முழுக்க ஒரே பச்சையை அப்பினால் அது ஸ்கூல் டிராயிங் ஆகிவிடும்.

போனில் 'ஓப்பன்டோப்போமேப்' இணையதளத்தைத் திறந்தால் சம உயரக் கோடுகள் தெரியும். கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்துச் சரிவு, விலகி இருந்தால் சமதளம். பக்கத்தில் ஓடை உள்ள ஒரு சமதளத்தைப் பிடியுங்கள். அந்தக் கோடுகளை டிரேஸ் செய்து, கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பிவிடுங்கள். நிலம் நிஜமான மலைபோல இருக்கும், ஆனால் யாருடைய நிஜக் காட்டையும் சுட்டாது. இது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது ஓடையை வரையுங்கள். மேலிருந்து கீழே இந்த வரிசை மாறக் கூடாது: ஊற்று, குடிநீர்த் தொட்டி, சமையற்கட்டு, குளிக்கும் துறை, துணி துவைக்கும் கல், மாட்டுத் தொழுவம், கடைசியாகக் கழிவு. வரிசை மாறினால் உங்கள் துறவிகள் இரண்டாவது அத்தியாயத்திலேயே வாந்திபேதியில் படுத்துவிடுவார்கள்.

இலங்கையின் அநுராதபுரத்துக்குப் பக்கத்திலுள்ள மிகிந்தலை இதற்கு அருமையான மாடல். 1,840 படிகள் கொண்ட மலை மடம். மேலே பாறையில் அமைந்த நாகப் பொய்கை மழைநீரைப் பிடித்து வைத்துக் கீழே அனுப்பும். நடுத் தளத்தில் சாப்பாட்டுக் கூடம், அங்கே சோறு போட்டு வைக்கப் படகு மாதிரி நீளமான கல்தொட்டி. மலையடியில் ஆஸ்பத்திரி, நோயாளியை மூலிகை நீரில் படுக்கவைக்க ஆள் வடிவில் குடைந்த கல்தொட்டி. நோயாளியை மேலே தூக்கிப் போக வேண்டியதில்லை, தொற்றும் மேலே ஏறாது. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

ஸ்டெப் 3: மூன்று வளையம்

மடத்தின் நடுவில் புள்ளி வைத்து மூன்று வளையம் போடுங்கள். வட்டமாக இருக்கணும் என்றில்லை. மலையின் சரிவு எப்படி வளைகிறதோ அப்படி வளைக்கலாம்.

வெளி வளையம்: யார் வேண்டுமானாலும் வரலாம். சத்திரம், வைத்தியசாலை, விதை ஜன்னல், சந்தைத் திடல், தொழுவம்.

நடு வளையம்: பகலில் வேலையோடு வருகிறவர்கள் வரலாம். சமையற்கட்டு, சாப்பாட்டுக் கூடம், பாடசாலை, மரவேலைக் கூடம்.

உள் வளையம்: துறவிகளுக்கு மட்டும். படுக்கை அறைகள், தியான மண்டபம், சுவடி அறை, விதை அறை.

இடிபாடுகளாக நிற்கும் நாளந்தாவிலும் இப்படி ஒரு ஒழுங்கு தெரியும். நடுவில் அகலமான பாதை. ஒரு பக்கம் வரிசையாக விகாரங்கள், எதிர்ப் பக்கம் கோயில்கள். ஒவ்வொரு விகாரத்திலும் நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். தங்குவது இந்தப் பக்கம், வணங்குவது அந்தப் பக்கம் என்று மேப்பைப் பார்த்த நொடியிலேயே புரியும்.

கதை எங்கே பிறக்கும் தெரியுமா? வளையம் உரசும் இடத்தில். விதை அறை இருப்பது உள் வளையத்தில், அதன் ஜன்னல் திறப்பதோ வெளி வளையத்தில். திருடனோ, காதலோ, ரகசியக் கடிதமோ, எது உள்ளே வந்தாலும் அந்த ஜன்னல் வழியாகத்தான் வரும். உங்கள் மடத்திலும் அப்படி ஒரு ஓட்டையை வேண்டுமென்றே வையுங்கள்.

ஸ்டெப் 4: அறை அறையாக

* சமையற்கட்டு: தீப்பிடிக்கும் இடம். சுவடி அறையிலிருந்து தள்ளி, தண்ணீருக்குப் பக்கத்தில் வையுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வரும் என்பதால், சமையற்கட்டு கிழக்கே இருந்தால் ஆடி மாதம் புகை மடத்துக்குள் அடிக்காது. ஐப்பசியில் வடகிழக்குக் காற்று திரும்பும்போது கொஞ்சம் அடிக்கும். அடிக்கட்டும். கண் எரியாத மடம் ஏது?

* சுவடி அறை: ஓலைக்கு எதிரி ஈரமும் பூச்சியும். உயரமான கல் மேடையில், மரம் உரசாத இடத்தில் வையுங்கள். ஓலைச்சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசும் வழக்கம் உண்டு. வாசலில் ஒரு எலுமிச்சைப்புல் பாத்தி வரைந்தால், மேப்பைப் பார்க்கிறவருக்கே வாசனை வரும்.

* விதை அறை: மண் குதிர்கள், தரையிலிருந்து எழும்பிய பலகைத் தளம், எலி ஏறாத தூண்கள். ஒரே ஒரு கதவு.

* மரவேலைக் கூடம்: கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் நடக்கும் கதையில் தச்சர் இல்லாவிட்டால் எப்படி? மடத்தின் கதவுகள், தூண்கள் எல்லாவற்றுக்கும் தனி வேலைப்பாடு கொடுக்கலாம். எந்தக் கதவில் யாளி, எந்தக் கதவில் மயில் என்று குறித்துவைத்தால், இருட்டில் தடவிப் பார்த்தே ஹீரோ வழி கண்டுபிடிப்பான்.

* வைத்தியசாலை: வெளி வளையத்தில். பக்கத்தில் கடுக்காய் மரம், மூலிகைப் பாத்தி. கல்வராயன் கடுக்காய்க்குப் பேர்போன மலை.

* கழிப்பறை: செயின்ட் கால் ஆள் மறக்கவில்லை, நீங்களும் மறக்காதீர்கள்.

* இறந்தவர்களின் இடம்: தோப்பாக இருக்கட்டும். ஒரு துறவிக்கு ஒரு மரம். மரத்தை எண்ணினால் மடத்தின் வயசு தெரியும்.

ஸ்டெப் 5: மணி அடித்தால் எங்கே போவார்கள்?

இப்போது ஸ்கேல். ஒரு ஏ4 பேப்பரில் 1 சென்டிமீட்டருக்கு 10 மீட்டர் என்று வைத்தால், 210 மீட்டருக்கு 297 மீட்டர் இடம் கிடைக்கும். 60 பேர் இருக்கும் மடத்துக்குத் தாராளம்.

சாதாரணமாக நடந்தால் நிமிடத்துக்குச் சுமார் 75 மீட்டர் போகலாம். படி ஏறினால் அதில் பாதி. படுக்கை அறையிலிருந்து தியான மண்டபம் 150 மீட்டர் என்றால், சமதளத்தில் இரண்டு நிமிடம், படியில் நாலு நிமிடம். முழங்கால் வலியுள்ள வயசான துறவிக்குப் பத்து நிமிடம். அவர் மட்டும் மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து இருட்டில் தனியாக நடப்பார். அப்போது அவர் எதைப் பார்த்திருப்பார்? கதை ஸ்டார்ட்!

உம்பர்ட்டோ எக்கோ 1980-ல் வெளியிட்ட 'தி நேம் ஆஃப் தி ரோஸ்' நாவலில் ஒரு மலை மடத்தில் வரிசையாகக் கொலைகள் நடக்கும். அந்த மடம் முழுக்கக் கற்பனை. ஆனால் எழுதும்போது அதன் பிளானை முன்னால் வைத்துக்கொண்டே எழுதியதாக எக்கோ பிற்பாடு சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேசிக்கொண்டே நடந்தால், போய்ச் சேர்ந்ததும் பேச்சு முடிந்துவிடும். உரையாடலின் நீளத்தை மேப்பே முடிவு செய்தது.

நீங்களும் இந்த டெஸ்ட் செய்யுங்கள். ஒரு துறவி, ஒரு சமையல்காரர், ஒரு விருந்தாளி. மூன்று கலர் பென்சிலால் மூன்று பேரின் ஒருநாள் பாதையை மேப் மேல் போடுங்கள். ஒரு கோடு சுவரில் முட்டினால் அங்கே கதவு மறந்திருக்கிறீர்கள். மூன்று கோடும் ஒரே இடத்தில் சந்தித்தால், அங்கேதான் வம்பு பேசுவார்கள். ஒரு கோடுகூடப் போகாத கட்டடம் இருந்தால் அதை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதையே உங்கள் ரகசிய அறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெப் 6: சோறு எங்கிருந்து வருது?

ரொம்பப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். கணக்கு போடுவோம்.

ஒருவருக்கு ஒருநாளைக்கு அரைக் கிலோ தானியம் என்று வைத்துக்கொண்டால், 60 பேருக்கு 30 கிலோ. வருஷத்துக்கு ஏறக்குறைய 11 டன். மலைக்காட்டில் ஏக்கருக்கு 400 கிலோ எடுப்பதாக வைத்தால் 27 ஏக்கர் வேண்டும். நம்ம ஏ4 பேப்பரில் உள்ள மொத்த இடமே 15 ஏக்கர் சொச்சம்தான். மடத்தையே அழித்துவிட்டு முழுக்க விதைத்தாலும் பாதி வயிறுதான் நிரம்பும்!

அப்படியானால் சோறு மதிலுக்கு வெளியிலிருந்துதான் வருகிறது. யாரோ விளைவிக்கிறார்கள். இரண்டாவது பேப்பர் எடுங்கள். 1 சென்டிமீட்டருக்கு 100 மீட்டர் என்று ஸ்கேலை மாற்றி, மடத்தை நடுவில் ஒரு சின்னக் கட்டமாக வைத்து, சுற்றிலும் ஊர்களையும் காடுகளையும் வரையுங்கள்.

சூடாமணி விகாரத்துக்கும் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தைக் கொடுத்தார். அதைச் சொல்லும் 21 ஏடுகள்தான் லெய்டன் செப்பேடுகள். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் அந்தப் பெயர். சோழர் காலத்தில் இப்படி ஊரைக் கொடுக்கும்போது, எல்லையைச் சுற்றிப் பெண் யானையை நடக்கவிட்டு, கல்லும் கள்ளியும் நடுவார்களாம். யானை நடந்த தடம்தான் மேப்பின் எல்லைக்கோடு! ஃபேன்டஸிக்கு இதைவிட நல்ல சீன் கிடைக்குமா? ஆனால் அந்த எல்லைக்குள் இருந்த விவசாயியின் நெல் யாருக்குப் போனது என்பதும் அதே சீன்தான்.

2022-ல் வந்த 'பென்டிமென்ட்' கேம் விளையாடியிருந்தால் தெரியும். 16-ம் நூற்றாண்டு பவேரியாவில், கற்பனையான ஒரு மடமும் அதன் கீழே ஒரு ஊரும். மடத்துக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவே இருக்கும் புகைச்சல் இல்லாவிட்டால் அந்தக் கதையே இல்லை.

கல்வராயனுக்கு வருவோம். ஃபேன்டஸி மேப்களில் மலை என்றால் முக்கோணம் முக்கோணமாகப் போட்டு, "இங்கே யாரும் இல்லை" என்று விட்டுவிடுவது வழக்கம். கல்வராயன் அப்படி ஆளில்லா மலை கிடையாது. தலைமுறை தலைமுறையாக மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் இடம். கேரளாவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இவர்கள் மலையை ஆளும் தமிழ் பேசும் மக்கள். நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை இது. 1976-ல்தான் அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. 2024-ல் கள்ளக்குறிச்சி விஷச்சாராய மரணங்களுக்குப் பிறகு, கல்வராயன் மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ரோடு, பஸ் போன்ற அடிப்படை வசதிகள் பற்றியெல்லாம் கேள்வி கேட்டது. சாராயச் செய்தி வரும்போது மட்டும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும் மலையாக இது ஆகிவிட்டது.

அதனால்தான் கோடுகளைத் திருப்பிப் போடச் சொன்னேன். நிஜமாக ஒரு குடும்பம் சாமை விதைக்கிற காட்டின் மேல், நம் கற்பனை மடத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டாம். நிஜ ஊரின் பெயரை வில்லன் ஊருக்கு வைக்க வேண்டாம். நிஜ மக்களின் சாமியை மாயாஜாலப் பூதமாக்க வேண்டாம். அதே நேரம், மலையில் ஆளே இல்லாததுபோலவும் வரைய வேண்டாம். முகிற்பாளியின் இரண்டாவது பேப்பரில் ஏழு ஊர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர், ஊற்று, மடத்துக்கு வரும் ஒற்றையடிப் பாதை உண்டு. துறவிகள் காக்கும் விதை எல்லாம் முதலில் அந்த ஏழு ஊர்க்காரர்கள் கொடுத்தது. ஒரு வருஷம் மழை பொய்த்து, மடத்தில் சாப்பாட்டுக்கே தானியம் இல்லாமல் போனால்? விதையைச் சமைப்பதா, காப்பதா? விதை ஜன்னலுக்கு வெளியே ஏழு ஊரும் வந்து நிற்கிறது. இரண்டாவது பேப்பர் போடாதவருக்கு இந்த சீன் தோன்றவே தோன்றாது.

ஸ்டெப் 7: பேப்பரா, போனா?

முதல் வரைவு பேப்பரில்தான் நல்லது. அழிக்கலாம், கசக்கலாம், டீக்கடையில் உட்கார்ந்து போடலாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருந்தால் ஸ்கேல் பிரச்னையே இல்லை.

அப்புறம் போட்டோ எடுத்து 'ஐபிஸ் பெயின்ட்' மாதிரி ஒரு டிராயிங் ஆப்பில் அடி லேயராக வையுங்கள். தண்ணீருக்கு ஒரு லேயர், நிலத்துக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று. தனித்தனியாக இருந்தால், பின்னால் ஒரு சுவரை நகர்த்தும்போது ஓடை அழியாது. கம்ப்யூட்டர் இருந்தால் 'இங்கார்னேட்' பிரவுசரிலேயே ஓடும், இலவசப் பதிப்பும் உண்டு. 'ஒண்டர்டிராஃப்ட்' காசு கொடுத்து வாங்குவது. இவற்றில் வரும் ரெடிமேட் கட்டடங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய பாணி. ஓட்டு வீடு, திண்ணை, கல்மண்டபம் வேண்டுமென்றால் நீங்களே ஒன்று வரைந்து காப்பி பண்ணிக்கொள்ளுங்கள். ஒருமுறை உழைத்தால் போதும்.

எழுத்தைத் தமிழிலேயே போடுங்கள். 'வடக்கு வாசல்' என்பதைவிட 'கடுக்காய் வாசல்' மனசில் நிற்கும். பெயர்கள் அங்கே புழங்குகிறவர்கள் வைத்த மாதிரி இருக்கட்டும். வழுக்கிவிழும் படிக்கு 'வழுக்குப்படி', குளிர்காற்று அடிக்கும் மூலைக்கு 'ஊதல் மூலை'. அதிகாரபூர்வப் பெயர் ஒன்று, இளம் துறவிகள் கிண்டலாகக் கூப்பிடும் பெயர் ஒன்று என இரண்டு வைத்தால் இன்னும் ஜோர்.

ஸ்டெப் 8: வயசு தெரியணும்

எந்த மடமும் ஒரே நாளில் கட்டியது கிடையாது. முகிற்பாளியில் மிகப் பழையது பாறைக் குகையும் அதில் எட்டுப் படுக்கைகளும். அப்புறம் கல்மண்டபம். அப்புறம் செங்கல் மதில். கடைசியாக ஓட்டுக்கூரைச் சத்திரம். நாலு காலம், நாலு விதமான கோடு. இடிந்துபோனதைப் புள்ளிக்கோட்டில் போடுங்கள்.

இடிவதும் மடத்தின் கதைதான். சூடாமணி விகாரத்தின் மிச்சமாகக் கருதப்பட்ட செங்கல் கோபுரம் ஒன்று 19-ம் நூற்றாண்டிலும் நாகப்பட்டினத்தில் நின்றது. 1867-ல் அரசு அனுமதியோடு அதை இடித்துவிட்டார்கள். கல்லும் செங்கலுமாக நின்றது போய்விட்டது. தோலில் சிவப்பு மையால் போட்ட செயின்ட் கால் மடமோ இன்னும் இருக்கிறது.

முடிக்கும் முன் ஒரு செக்லிஸ்ட்

* ஆள் கணக்குக்கும் படுக்கைக் கணக்குக்கும் பொருந்துகிறதா?
* தண்ணீர் மேலிருந்து கீழே சரியான வரிசையில் ஓடுகிறதா?
* வெளியாள் எதுவரை வரலாம் என்று பார்த்ததும் தெரிகிறதா?
* ஸ்கேல், வடக்குக் குறி, குறியீட்டு விளக்கம் மூன்றும் இருக்கின்றனவா?
* மூன்று பேரின் ஒருநாள் பாதை முட்டாமல் ஓடுகிறதா?
* சோறு போடும் ஊர்கள் பெயரோடு இருக்கின்றனவா?
* குறைந்தது ஒரு இடம் இடிந்து கிடக்கிறதா?

எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்றால், மேப்பை அந்த நண்பரிடம் நீட்டுங்கள். "கிணறு எங்கடா?" என்று இனி கேட்கமாட்டார். "ஏண்டா, இந்த விதை ஜன்னல் வழியா ஒரு ஆள் உள்ளே நுழைய முடியுமா?" என்று கேட்பார். அடுத்த அத்தியாயம் ரெடி!